கிணத்துக்கடவுக் காற்றும் என் முன்சக்கரமும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றைப் பற்றிப் பொள்ளாச்சிப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள அந்த இடைவெளிக்குள் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு, வேகமெடுத்து, நம் தென்னந்தோப்புகளின் மேல் வந்து இறங்குகிறது. அந்தக் காற்றில் குழுவாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. சென்ற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த எண்ணத்தோடு சேர்ந்து நானும் விழுந்தேன்.

நாங்கள் ஒன்பது பேர் ஐந்தரை மணிக்கு ஈச்சனாரி விநாயகர் கோயிலுக்கு முன்னால் கூடினோம். பேரூர்க் கோயிலுக்கென்று மதுரையிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளையார், வண்டியின் அச்சு முறிந்ததால் இங்கேயே அமர்ந்துவிட்டார் என்பது தலவரலாறு. அச்சு முறிந்த இடத்திலிருந்துதானா சைக்கிள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார், அன்றும் கேட்டார். வழிநடத்தும் தம்பி, வழக்கமான எச்சரிக்கைகளோடு, "முன்னால போறவங்க பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுல உங்க முன்சக்கரத்தக் கொண்டு போகாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான் அப்போது கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கிணத்துக்கடவைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டு, தெற்கு நோக்கிச் செல்லும் ஊர்ச்சாலை ஒன்றில் இறங்கினோம். எதிர்க்காற்றாக இருந்தால் முன்னால் செல்பவரின் முதுகுக்கு நேர் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால் அந்த மறைவின் அருமை கால்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அங்கே காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. அப்படி வரும்போது மறைவு நேர் பின்னால் இல்லாமல், சற்று இடப்புறம் தள்ளிக் கிடைக்கிறது. களைத்துப் போனவர் தம்மையறியாமல் அந்த இடத்துக்கு ஊர்ந்து போவார், போகப் போக முன்சக்கரமும் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு நான் அப்படிப் போயிருந்தேன்.

தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கிய இடத்தில் ஒரு வீச்சு வந்தது. முன்னால் சென்றவர் அரை அடி இடப்பக்கம் தள்ளப்பட்டார். அவருடைய டயர் என்னுடைய டயரை உரசிய "சர்ர்" என்ற ஓசை மட்டும் நினைவிருக்கிறது. என் சக்கரம் இடப்புறம் திரும்ப, நான் வலப்புறமாகச் சாலையில் விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் மண்ணில் இறங்கித் தப்பித்தார். முன்னவர் திரும்பி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. இடைவெளியைக் காக்க வேண்டியவர் பின்னால் வருபவர்தான், எனவே தவறு முழுக்க என்னுடையது.

விழுந்த நான் முதலில் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சராசரி வேகம் குறைந்துவிடக் கூடாதே என்று, ஹேண்டில்பாரில் இருந்த கருவியை நிறுத்தக் கையை நீட்டினேன். விரல் நடுங்கியதால் பொத்தான் அகப்படவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, போலாம்" என்று எழ முயன்றபோது தம்பி என் தோளை அழுத்தி, "அக்கா, எந்திரிக்காதீங்க, அப்படியே உக்காருங்க" என்றார். இரண்டு பேர் சாலையின் இரு முனைகளிலும் நின்று வண்டிகளைக் கைகாட்டி விலக்க, அவர் என் கழுத்தையும் காறை எலும்பையும் தொட்டுப் பார்த்து, என்ன கிழமை, எங்கிருந்து புறப்பட்டோம் என்றெல்லாம் கேட்டார். கிழமையைச் சரியாகச் சொன்னேன். எங்கே தேநீர் குடித்தோம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் தாமதமாக வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தபோது வெளியே ஒரு கீறல்தான் தெரிந்தது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரையிலோ மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்த நுரை தான் நசுங்கித் தலையைக் காப்பது. ஒரு முறை நசுங்கியதை மறுபடி நம்ப முடியாது.

எதிரே தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டி சொம்புத் தண்ணீரோடும் ஒரு கிண்ணத்தோடும் வந்தார். "ஏஞ்சாமி, காப்பித்தூள் வெச்சு அமுக்கட்டுமா? ரத்தம் நின்னுரும்" என்றார். முழங்கையில் மணல் அப்பிக் கிடந்த சிராய்ப்பின் மேல் காப்பித்தூள் போட்டால் பிறகு மருத்துவர்தான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். "தண்ணியே போதுங்கம்மா" என்று சொல்லி, பாட்டிலில் இருந்த குடிநீரை ஊற்றி மணலைக் கழுவிக்கொண்டோம். பாட்டிக்கு அதில் உடன்பாடில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது; ஆனாலும் நான் உட்காரக் கயிற்றுக்கட்டிலை எடுத்துப் போட்டார்.

இதற்குள் இன்னொருவர் என் சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பின்னாலிருந்து குனிந்து பார்த்தபோதுதான், சங்கிலியைப் பல் மாற்றித் தள்ளும் டீரெய்லர் செங்குத்தாகத் தொங்காமல் ஸ்போக்ஸ் கம்பிகளை நோக்கிச் சாய்ந்திருப்பது தெரிந்தது. அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு, சட்டம் உடையாமல் தான் வளையும்படியே மென்மையாகச் செய்யப்படுவது. அந்த நிலையில் மேட்டில் ஏறும்போது பெரிய பல்லுக்கு மாற்றியிருந்தால் டீரெய்லர் கம்பிகளுக்குள் புகுந்து சக்கரத்தை நிறுத்தியிருக்கும், நான் இரண்டாம் முறையும் விழுந்திருப்பேன். அரை மணி நேரத்துக்கு முன் என் பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

பாட்டியின் பேரன் உக்கடத்துக்குத் தேங்காய் ஏற்றிச் செல்லவிருந்த குட்டியானையில் எனக்கு முன்னிருக்கை கிடைத்தது. சைக்கிள் தேங்காய்க் குவியலின் மேல் படுத்துக்கொண்டு வந்தது. வாடகை கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். பள்ளம் வரும்போதெல்லாம் வலக்கைக் கட்டைவிரலின் அடியில் உள்ள சிறு குழி சுரீரென்றது. விழும்போது கையை ஊன்றியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

மருத்துவர் டெட்டனஸ் ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, முறிவு தெரியவில்லை என்றார். ஆனால் அந்தக் குழிக்குக் கீழே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்னும் சிறிய எலும்பின் விரிசல் முதல் நாள் படத்தில் தப்பிவிடுவது உண்டாம், இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகக்கூடுமாம். எனவே கட்டைவிரலையும் சேர்த்துப் பட்டை கட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். சிராய்ப்பைக் காய்ந்து பொருக்குத் தட்ட விடாமல் ஈரப்பதத்தோடு மூடிவைக்கச் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. சிறுவயது முதல் காயத்துக்குக் காற்றுப்பட வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது படத்திலும் எலும்பு முழுதாகவே இருந்தது. ஹெல்மெட் புதிதாக வாங்கியாயிற்று. என் சைக்கிளின் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் கோவையில் எந்தக் கடையிலும் இல்லாமல், வெளியூரிலிருந்து வந்துசேர மூன்று வாரமாயிற்று. இரண்டாக வாங்கி, ஒன்றைச் சைக்கிளில் பூட்டிவிட்டு, மற்றொன்றை இருக்கைக்குக் கீழே தொங்கும் பையில் பஞ்சர் ஒட்டும் சாமான்களோடு போட்டு வைத்திருக்கிறேன்.