செத்த போனிலிருந்து போட்டோ எடுக்க முடியுமா?

டிஸ்பிளே உடைந்து வரும் போனைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. புது டிஸ்பிளே மாட்டினால் உள்ளே இருந்தது எல்லாம் இருந்தபடியே இருக்கும். சார்ஜிங் பின் போனாலும் பேட்டரி உப்பினாலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மெயின் போர்டு செத்த போனைக் கையில் வாங்கும்போதுதான் மனசு கனக்கும். திண்டுக்கல்லில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட போனோடு வருகிறவர்களில் பலர் அதைச் சரிசெய்யச் சொல்வதுகூட இல்லை. "போன் போனா போகட்டும்ணே, போட்டோவையும் நம்பரையும் மட்டும் எடுத்துக் குடுங்க" என்கிறார்கள்.

படமெல்லாம் சேமிக்கப்படும் மெமரி ஐசி என்ற சிப்பைக் கழற்றி வேறு போர்டில் வைத்தால் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய போன்களில் அதற்கு வழி இருந்தது. இப்போதைய போன்களில் எதைச் சேமித்தாலும் பூட்டித்தான் எழுதப்படுகிறது. அந்தப் பூட்டின் சாவி அதே போனின் பிராசஸரோடு பிணைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து இது கட்டாயம். ஐசியை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக்கள்தான். அந்தப் பிராசஸரும் அந்த ஐசியும் சேர்ந்து உயிர் பெற்றால்தான் உண்டு. போர்டில் ஷார்ட் எங்கே என்று தேடிப் பிடித்து, சில போன்களை எழுப்பிவிடுவோம். சிலவற்றில் கையை விரிக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிலக்கோட்டைப் பக்கம் பூ ஏவாரம் செய்யும் அக்கா ஒருவரின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. கமிஷன் கடைகளிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் சிட்டைப் படங்கள்தான் அவருக்குக் கணக்கு நோட்டு. எத்தனை கிலோ, என்ன விலை, பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். போர்டு எழும்பவில்லை. "எம்மவன் எல்லாம் கூகுள்ல ஏறுற மாதிரிதான் தம்பி போட்டுக் குடுத்திருக்கான்" என்றார். கடைக் கம்ப்யூட்டரில் அவர் கணக்கைத் திறந்து பார்த்தோம். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் இருந்தன, குலதெய்வக் கோயில் படங்கள் இருந்தன. சிட்டை ஒன்றுகூட இல்லை.

கூகுள் போட்டோஸில் பேக்கப்பை ஆன் செய்தால் தானாக ஏறுவது கேமராவில் எடுத்த படங்கள் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கும். அதை நாமாகப் போய்ச் சேர்க்க வேண்டும். போட்டோஸ் ஆப்பில் மேலே வலது மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் பேக்கப் என்பதற்குள் போங்கள். 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் 'வாட்ஸ்அப் இமேஜஸ்' என்பதை ஆன் செய்யுங்கள்.

சரி, வாட்ஸ்அப்புக்கென்று தனி பேக்கப் இருக்கிறதே, அதில் வந்திருக்க வேண்டாமா? அந்த அக்காவின் சிம்மை வேறு போனில் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்ததும், பழைய பேக்கப் இருப்பதாகக் காட்டத்தான் செய்தது. தேதியோ பல மாதம் பழையது. கூகுள் கணக்கில் இடம் நிரம்பி, அன்றோடு பேக்கப் நின்றுபோயிருந்தது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் வரை கொஞ்சம் தரம் குறைத்த படங்கள் இந்தக் கணக்கில் சேராமல் இருந்தன. வாட்ஸ்அப் பேக்கப்பும் அப்படித்தான் இருந்தது. 2024-க்குள் அதையும் சேர்த்துவிட்டார்கள். இடம் இல்லை என்று அறிவிப்பு வரும். வரிசையாக வரும் அறிவிப்புகளோடு அதையும் தள்ளிவிட்டுவிடுவோம்.

அந்த அக்கா கமிஷன் கடைகளில் ஏறி இறங்கி, சிட்டைகளைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டார். எல்லாரும் அனுப்பவில்லை.

அதனால் என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: 'ஆன்' என்று இருப்பதைப் பார்த்து நம்பாதீர்கள். வேறொரு கருவியில் திறந்து, நேற்று வந்த படம் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் அது பேக்கப்.

அப்படித் திறக்க முதலில் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். புதுப் போன் வாங்கும்போது கடையில் நிற்கும் பையனே ஒரு ஜிமெயில் உருவாக்கி, வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிடுவான். வாங்கியவருக்கு அந்த ஜிமெயில் முகவரியே தெரியாது. போன் செத்த பிறகு உட்கார்ந்து தேடினால் ஒன்றும் நடக்காது. இப்போதே செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் தொட்டு, என்ன முகவரி என்று பார்த்து, பாஸ்வேர்டை நீங்களாக மாற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு முறையும் உறுதி கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. புது இடத்தில் உள்ளே நுழையும்போது, செத்துப்போன அந்தப் போனுக்கே 'நீங்கள்தானா' என்ற கேள்வி போகும். அதற்காகவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் கோடுகள் தருகிறார்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்துப் பயனில்லை.

அடுத்தது நம்பர்கள். புது நம்பரைச் சேமிக்கும்போது போனிலா, சிம்மிலா, கூகுள் கணக்கிலா என்று மேலே சின்னதாகக் காட்டும். பலருக்கு அது 'போன்' என்றே இருக்கும். போன் போனால் அந்த நம்பர்களும் போய்விடும். கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள். ஏற்கனவே போனில் இருப்பவற்றைக் கான்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரே விசிஎஃப் ஃபைலாக வந்துவிடும். அதை உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்ற தேதி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். வீடியோவையும் சேர் என்ற பட்டனை ஆஃப் செய்துவிடுங்கள். காலை வணக்கம் வீடியோக்கள்தான் பாதி இடத்தைத் தின்கின்றன. அங்கேயே பேக்கப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைக்கும் என்கிரிப்டட் பேக்கப் என்றும் இருக்கும். நல்ல வசதிதான். ஆனால் அதற்கு வைத்த பாஸ்வேர்டை மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனமே நினைத்தாலும் திறந்து தர முடியாது. பழைய போன் நன்றாக இருக்கும்போதே புதுப் போனுக்கு மாறுகிறீர்களா? அப்படியானால் சாட்ஸ் பகுதியில் இருக்கும் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' போதும். ஒரு போன் காட்டும் கியூஆர் கோடை இன்னொரு போனில் ஸ்கேன் செய்தால், கூகுள் பக்கம் போகாமல் நேரே மாறிவிடும்.

மற்ற ஆப்களுக்கும் எஸ்எம்எஸ், கால் விவரம் போன்றவற்றுக்கும் செட்டிங்ஸில் கூகுள், பேக்கப் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் போதும். ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் எடுத்துக்கொள்ளும், எல்லா ஆப்பும் அனுமதிப்பதும் இல்லை. போனை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இந்த பேக்கப் அழிந்துபோகலாம். செத்த போனைப் பீரோவில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் பட்டன் போனோடு இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பணம் அனுப்பும் ஆப்கள் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். அங்கே பயப்பட எதுவும் இல்லை. பணமும் கணக்கும் வங்கியில் இருக்கின்றன. வங்கியில் பதிந்த அதே சிம்மைப் புதுப் போனில் போட்டு மறுபடி பதிவு செய்தால் வேலை முடிந்தது. சிம் தொலைந்திருந்தால் முதலில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே, என் சொந்தக் கருத்து: இணையத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். போனிலேயே நேராகச் செருகக்கூடிய ஓடிஜி பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். போனில் செருகி, ஃபைல்ஸ் ஆப்பில் டிசிஐஎம் (கேமரா படங்கள் இருக்கும் ஃபோல்டர்), டவுன்லோட், ரெக்கார்டிங்ஸ் ஃபோல்டர்களைக் 'காப்பி' கொடுங்கள். 'மூவ்' கொடுத்தால் மறுபடி ஒரே இடத்தில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் இருந்தால் கேபிளைச் செருகி, போனில் வரும் அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுங்கள். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். கம்ப்யூட்டர் போனைக் காட்டவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பென்டிரைவ் ஏன் வேண்டும் என்றால், பேக்கப் ஆன படத்தைப் போனில் போட்டோஸ் ஆப்பிலிருந்து அழித்தால் கூகுளிலும் அது அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. போனில் இடம் பண்ணுவதற்காக அழிப்பதாக இருந்தால், அதே ஆப்பில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். அது பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். ஐபோன்காரர்களுக்கும் இதே கதைதான். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே என்பதால் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பேக்கப் இன்னும் அவசியம்.

கடைசியாக, போனை விற்கப் போகிறவர்களுக்கு. எல்லாவற்றையும் எடுத்து, வேறு கருவியில் திறந்து பார்த்த பிறகு, முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதற்குப் பிறகு ரீசெட் கொடுங்கள். கணக்கை நீக்காமல், போனை ஆஃப் செய்து பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரெக்கவரி மெனு வழியாக அழித்துக் கொடுத்தால், வாங்கியவர் ஆன் செய்ததும் உங்கள் பழைய கணக்கின் பாஸ்வேர்டையோ திரைப் பூட்டையோ கேட்டு போன் அப்படியே நின்றுவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற மறக்காதீர்கள்.