மிஷின்லயே நிக்க வெச்சிருவாங்க

என்னிடம் ரெஸ்யூம் திருத்த வந்த காலேஜ் பையன், ஹாபீஸ் என்ற இடத்தில் 'பாட்டுக் கேட்பது, கிரிக்கெட்' என்று போட்டிருந்தான். அடித்துவிடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். வாங்க வந்த கையைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் பொடிப்பொடியாக வெட்டுக்காயம், நகக்கண்ணில் கறுப்பு. லேத்தில் இரும்புச் சுருளை இழுத்துப்போடுகிற கை.

கோவையில் இது அதிசயமில்லை. அப்பாவுக்கு கணபதி பக்கம் சின்னப் பட்டறை, பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஆர்டர். சனி, ஞாயிறு, செமஸ்டர் லீவு எல்லாம் இவன்தான் மிஷினில். பேரிங் உட்காரும் இடத்தின் அளவை 0.02 மி.மீ. பிசகுக்குள் பிடிப்பானாம். கடைசி வருட மெக்கானிக்கலில் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய்க்கும்? ரெஸ்யூமில் ஒரு வரி இல்லை.

"மொதல்ல இத எழுதுப்பா."

"வேண்டாங்க சார். எழுதுனா மிஷின்லயே நிக்க வெச்சிருவாங்க. நான் டிசைன்ல போகோணும்."

"மிஷின் தெரிஞ்சவன் டிராயிங் போட்டா அது பலம்தானே" என்றேன். இப்போதும் அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எதை நீக்குவது என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. அப்பா பெயர், திருமணமானவரா, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் போகலாம். இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த கேன்வா டெம்ப்ளேட்டும் வேண்டாம், கம்பெனிகளில் ரெஸ்யூமை வடிகட்டும் மென்பொருள் சில சமயம் வரிகளைக் கலந்து படித்துவிடும். பைத்தானுக்கு 80 சதவீதம் என்று பட்டை போடுகிறார்கள், மீதி 20 எது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சேர்ப்பதில்தான் சிக்கல். செய்ததைத்தான் எழுத முடியும், ஆனால் அவனுக்கு வேண்டியது இன்னும் செய்யாத வேலை.

எழுதினான். டிசைன் டிரெய்னி இன்டர்வியூவில் கேள்வியெல்லாம் பட்டறையைப் பற்றியே வந்ததாம். ப்ரொடக்‌ஷனில் எடுத்துக்கொண்டார்கள். ஷிப்ட் வேலை.

கோர் கம்பெனியில், அதாவது ஐ.டி. இல்லாமல் படித்த துறையிலேயே உள்ள கம்பெனியில், ஃப்ரெஷருக்கு டிசைன் சீட் எளிதில் கிடைக்காது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் என்ற வடிகட்டலைத் தாண்டி வந்தவர்கள் எல்லாருடைய காகிதமும் ஒரே மாதிரி இருக்கும்போது, அந்த வரி இல்லாமல் அவனைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா? இப்படி எனக்கு நானே வக்காலத்து வாங்குகிறேன். சாலிட்ஒர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் செய்த ப்ராஜெக்டை மேலே ஏற்றி, பட்டறையைக் கீழே ஒரே வரியாக வைத்திருந்தால்? தெரியாது. மகன் மிஷினிலிருந்து இறங்க வேண்டும் என்றுதானே அந்த அப்பா ஃபீஸ் கட்டினார். குமாஸ்தா வீட்டில் வளர்ந்த எனக்கு லேத் என்பது ரெஸ்யூமுக்கு நல்ல வரி. அவனுக்கு அது வீட்டுத் தொழில்.

இவ்வளவு யோசித்தும், பெயரை மறைத்து அடுத்த பேட்சுக்கு அந்த வரியைத்தான் திரையில் போட்டுக் காட்டுகிறேன். நல்ல வரி. பசங்க போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் அவனிடமிருந்து வாட்ஸ்அப். வேறு கம்பெனியில் டிசைனுக்கு ஆள் கேட்கிறார்களாம். ரெஸ்யூமை அனுப்பி, "பட்டறை வரிய எடுத்துரட்டுங்களா சார்?" என்று கேட்டிருந்தான். எடுத்துவிடு என்று தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் ஃபைலைத் திறந்தேன். பட்டறை வரிக்கு மேலே இப்போது இரண்டு வருட ப்ரொடக்‌ஷன் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது?