டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாசனை

காலைல பானெட்ட தூக்குனதும் பெட்ரோல் வாசனை குப்புன்னு அடிச்சுது. டேங்க்லருந்து இஞ்சினுக்கு பெட்ரோல் இழுத்துக் குடுக்கற பம்ப்புக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டை வழியா சொட்டு சொட்டா ஒழுகுது.

இஞ்சின் ஆயில் அளவு பாக்கற கம்பி, அதான் டிப்ஸ்டிக், அத உருவி மோந்து பாத்தேன். அதுலயும் பெட்ரோல்!

பம்ப்புக்கு ரெண்டே போல்ட்டு, கழட்டறது ஈஸி. மாட்டும்போதுதான் உயிர் போச்சு, இஞ்சினுக்குள்ள சுத்தற கேம்ஷாஃப்ட் தண்டோட மேட்டுல பம்ப்போட லிவர் முட்டிக்கிட்டு புது பம்ப் உக்காரவே மாட்டேங்குது, அப்புறம் இஞ்சின கையால கொஞ்சம் சுத்துனேன், மேடு விலகுச்சு, சமத்தா போய் உக்காந்துச்சு. (பேட்டரி வயர மொதல்லயே கழட்டிட்டேன், திட்டாதீங்க.)

பழைய பம்ப்ப பிரிச்சு உள்ள இருக்கற ரப்பர் சவ்வ, அதான் டயாஃப்ரத்த, வெளிச்சத்துல புடிச்சா, மயிரிழை அளவு கீறல்.

அவ்ளோதான். அந்தக் கீறல் வழியா பெட்ரோல் எறங்குனதுக்கே இஞ்சின் ஆயில் பூரா தண்ணியாட்டம் ஆயிருச்சு, அதையும் மாத்தியாச்சு. இப்பல்லாம் பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்கறாங்க, அந்தக் காலத்து ரப்பர் பாவம் எத்தனை நாள்தான் தாங்கும்?

வண்டி இப்போ நல்லாதான் ஓடுது. நான்தான் இன்னும் பம்ப்புக்கு அடியில தடவி தடவி விரல மோந்துட்டிருக்கேன்.