கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையாமைக்கான ஊசியும் பிரசவத் திட்டமும்

இடது காலின் ஆழ்சிரையில் இரத்தக் கட்டி ஏற்பட்டதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை பெற விரும்புவதைச் சொன்னபோது மருத்துவர் முதலில் அந்த மாத்திரையைப் பற்றித்தான் பேசினார். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடையும். குறிப்பாக 6 முதல் 12 வாரங்களுக்குள் கருவின் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கக்கூடும். அதற்காக மருந்தையே நிறுத்திவிடவும் முடியாது, ஏனெனில் கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. எனவே, கரு உறுதியானவுடன் இரத்தம் உறைவதைத் தடுத்தாலும் நஞ்சுக்கொடியைக் கடக்காத எனாக்ஸாபரின் ஊசிக்கு மாறுவதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம்.

உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம் என்ற கணக்கில், காலையும் மாலையும் நானே போட்டுக்கொண்டேன். தொப்புளை விட்டு விலகி, வயிற்றின் பக்கவாட்டுத் தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராகச் செலுத்தி, மருந்து முழுவதும் இறங்கும்வரை அந்த மடிப்பை விடாமலிருக்க வேண்டும். போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போவது அதிகமாகும். தேய்க்காவிட்டாலும் ஓரளவு நீலம் பூக்கத்தான் செய்யும். பக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டதால் தாங்க முடிந்தது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இந்த மருந்தால் குறைகின்றனவா என்று பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள்.

உண்மையில் எனக்குக் கவலை தந்தது ஊசியன்று, பிரசவ நேரம். கடைசி ஊசிக்குப் பின் இந்த அளவு மருந்துக்குக் குறைந்தது 24 மணி நேரமாவது கடந்திருந்தால்தான் முதுகில் மரப்பு ஊசி போடுவார்கள். அதற்குள் போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டி, கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. குறைந்த அளவில் தடுப்புக்காக மட்டும் போடுபவர்களுக்கு இந்த இடைவெளி 12 மணி நேரம். இதைக் கடைசி வாரங்களில் அவசரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது என்பது என் உறுதியான கருத்து. மயக்க மருத்துவரை முன்னதாகவே சந்தித்து, வலி தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். கடைசி ஊசி போட்ட நேரத்தை என் கணவரும் தனியே குறித்துவந்தார். யார் கேட்டாலும் உடனே சொல்ல அது உதவியது.

எனக்குத் தேதி குறித்து வலியைத் தூண்டினார்கள். அதனால் இடைவெளியைக் கணக்கிட்டு நிறுத்த முடிந்தது. குழந்தை பிறந்து, இரத்தப்போக்கு கட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகே மீண்டும் ஊசி தொடங்கியது. பேறுகாலத்துக்குப் பிந்திய 6 வாரங்களில் இரத்தக் கட்டிக்கான வாய்ப்பு மிகுதி என்பதால் அப்போது ஒரு வேளையும் தவறவிடவில்லை. வார்ஃபரின் தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க அளவு கலப்பதில்லை என்று மருத்துவர் விளக்கிய பின், பாலூட்டிக்கொண்டே மாத்திரைக்குத் திரும்பினேன்.