சாக்குக் கண்காட்சி

ஏற்காடு மலைல இருக்கற எங்க ஸ்கூல்ல ஜனவரி 26 கொடியேத்தி முட்டாய் குடுத்து முடிச்சதும் ஹால்ல பசங்க வரைஞ்ச படத்த மாட்டி வைப்போம், ஊரே வந்து பாக்கும். நோட்டீஸ்ல ‘மாணவர் ஓவியக் கண்காட்சி’ன்னுதான் அடிச்சிருக்கும், ஆனா யாரு வாயிலயும் அந்தப் பேரு வந்து நான் கேட்டதில்ல. எஸ்டேட் லைன் வீட்டுப் பாட்டிங்க வரைக்கும் “சாக்குக் கண்காட்சி எப்பங்க சார்”னுதான் கேப்பாங்க. சாக்கு போயி ரொம்ப வருசமாச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

நான் 2012ல பகுதிநேர ஓவிய ஆசிரியரா இங்க சேந்தேன். அந்த வருசம் ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர்னு தமிழ்நாடு பூரா 16,549 பேர எடுத்தாங்க, வாரத்துக்கு 3 அரைநாள், மாசம் 5,000 ரூபா. வீடு சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம். காலைல ஏற்காடு பஸ்ஸ பிடிச்சா அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் ஒண்டிக்கடைல எறங்கி அங்கிருந்து நடையோ, யாராச்சும் பைக்கோ. ஓவியப் பரீட்சைல லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணி, டி.டி.சி.ங்கற ஆசிரியர் பயிற்சியும் முடிச்சவன்னு மனசுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு, மலை ஸ்கூலுக்குப் போயி பசங்களுக்கு படம் வரையறதுன்னா என்னன்னு காட்டறோம்னு. அந்த நெனப்பு எப்படிப் போச்சுங்கறத கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

கண்காட்சி எனக்கு முன்னாடியே, எனக்கு முன்னாடி இருந்த சாருக்கும் முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு. ஆரம்பக் கதைய எனக்கு சொன்னது ஸ்கூல்காரங்க இல்ல, ஊர்ல எல்லாரும் போர்டு தாத்தான்னு கூப்பிடற பெரியவர். வயசுல சேலத்துல சினிமா பேனர் வரைஞ்சவரு. சேலம்னா சும்மாவா, டி.ஆர். சுந்தரம் 1935ல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்ச ஊரு, ஏற்காடு ரோட்டுல அந்த முகப்பு வளைவு மட்டும் இன்னிக்கும் நிக்குது, நான் பஸ்ல அதத் தாண்டித்தான் போவேன். தாத்தா ஸ்டுடியோவுல வேல பாக்கல, டவுன் தியேட்டருங்களுக்கு ஆளுயர மூஞ்சி வரையறது அவரு வேல. ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் படுத்துருச்சு, பொண்டாட்டி ஊருன்னு மலைக்கு வந்து கடை போர்டு, வண்டி நம்பர் எழுதிட்டு இருந்துட்டாரு.

மொத தடவ படம் மாட்டறப்ப சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல பசை நிக்கலையாம், படத்தோட சுண்ணாம்பும் பொரிஞ்சு வந்துருச்சாம். அது காப்பிப் பழம் எடுக்கற சமயம், எங்க பாத்தாலும் சாக்கு. எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் ஒருத்தரு காலிச் சாக்கு குடுக்க, கோணி ஊசில வரிசையா தெச்சு ரெண்டு மூங்கில்ல கட்டி நிறுத்தி, குண்டூசில படத்த குத்திட்டாங்க. அவ்ளோதான் சாக்குக் கண்காட்சி. ஹால்ல நுழைஞ்சதும் படத்துக்கு முன்னாடி காப்பிக்கொட்ட வாசம்தான் வரும்னு தாத்தா சொல்வாரு.

எனக்கு அந்த சாக்கு பிடிக்கல. அழுக்கா இருக்குன்னு தோணுச்சு. ரெண்டாவது வருசமே டவுன்ல இருந்து தெர்மாகோல் ஷீட் வாங்கி பஸ் கூரைல கட்டிக் கொண்டுபோயி (பாதி ஷீட்டு காத்துல மூலை ஒடிஞ்சிருச்சு, அது வேற), வெள்ளை வெளேர்னு தட்டி செஞ்சு படத்தையெல்லாம் டபுள் சைடு டேப்புல ஒட்டி சாயங்காலம் பூட்டிட்டு வந்தேன், என்னமோ பெரிய ஆர்ட் கேலரி மாதிரி இருந்துச்சு. காலைல கதவத் தெறந்தா ஒரு படம் மேல இல்ல. அத்தனையும் தரைல குப்புறக் கெடக்குது. ஜனவரி பனி, ஓட்டு சந்து வழியா ராத்திரி பூரா உள்ள எறங்கியிருக்கு, சார்ட் பேப்பர் ஈரத்த குடிச்சு சுருண்டு ஓரம் தூக்கி டேப்ப உரிச்சுக்கிட்டு விழுந்துருச்சு. தாத்தா வந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, “சாக்கு ஈரத்த தான் குடிச்சுக்கும் சார், படத்துக்கு விடாது”ன்னாரு. அதுக்குள்ள நான் சாக்கையெல்லாம் எலி கடிக்குதுன்னு எடுத்துப் போடச் சொல்லியிருந்தேன். கொடியேத்தறதுக்கு அர மணி நேரம் இருந்துச்சு. சத்துணவு அக்காதான் துணி காயப்போடற கயிறும் கிளிப்பும் கொண்டாந்து குடுத்தாங்க. இந்தப் பக்க ஜன்னல்ல இருந்து அந்தப் பக்க ஜன்னலுக்கு கயிறு, ஒரு படத்துக்கு ரெண்டு கிளிப்பு. கயித்துல தொங்கறது சுருண்டாலும் விழாது. இன்னிவரைக்கும் அதான்.

ஈரம்னா சாதாரண ஈரம் இல்லைங்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உசரம், பனி நாள்ல போஸ்டர் கலர் காயவே காயாது, மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், அடுக்கி வெச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கும். இதுக்கும் வழி கண்டுபிடிச்சது பசங்கதான். பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் காப்பி காயப்போட்ட களத்து ஓரமா படத்த வரிசையா வெச்சு மேல கல்லு வெச்சிருவாங்க. காப்பிய தள்ளிவிடற அம்மாங்க படத்தையும் ஒரு பார்வ பாத்துப்பாங்க, காத்துல பறந்தா எடுத்து வெப்பாங்க. உண்மையச் சொன்னா கண்காட்சி அங்கயே நடந்து முடிஞ்சிரும்.

சரி, படம். எல்லா ட்ராயிங் மாஸ்டருக்கும் தெரிஞ்ச படம் ஒண்ணு இருக்கு, ரெண்டு முக்கோண மலை, நடுவுல சூரியன், மலைக்கு நடுவுல இருந்து ஒரு ஆறு, ஓரத்துல குடிசை, ஒரு தென்னமரம். சேலத்துப் புள்ளைங்க வரைஞ்சா புரியுது. இவங்க மலை மேலயே பொறந்தவங்க. மலைல இருக்கறவனுக்கு மலை முக்கோணமா தெரியாது, சரிவுதான் தெரியும், சில்வர் ஓக் மரமும் அதுல ஏறுற மிளகுக்கொடியும் தெரியும், கீழ சேலம் தெரியும். தென்னமரம் இவங்க ஊர்ப்பக்கம் இல்லவே இல்ல. அப்புறமும் நூறு படம் வந்தா அறுபது அந்த முக்கோணம்தான். எங்கிருந்து வந்துச்சுன்னு ரொம்ப நாள் பசங்களத் திட்டிட்டு இருந்தேன். போர்டுல ‘இயற்கைக் காட்சி’ன்னு தலைப்பு போட்டு மொத முக்கோணத்த வரைஞ்சு காட்டுனது எங்க ஆளுங்கதான், நானும் காட்டியிருக்கேன்.

ஏழாவது படிச்ச பையன் ஒருத்தன், பேரு வேணாம். ஒரு வருசம் அவன் குடுத்த படத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. பேப்பர நனைச்சு லேசா சாம்பல் கலர் ஓடவிட்டிருந்தான், கீழ ஒரு மூலைல மட்டும் மஞ்சளா ரெண்டு பொட்டு. பாதில விட்டுட்டான்னு நெனச்சேன். மறுநாள் பரிசு குடுக்க வெளிய இருந்து ஆளு வர்றாங்க, இந்தப் படத்த எப்படி மாட்டறதுன்னு, கண்காட்சிக்கு மொத நாள் சாயங்காலம் எல்லாப் படத்துக்கும் டச்சப் பண்ற மாதிரி இதுக்கும் பண்ணேன். டச்சப்புங்கறது எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதுதான், கோணக் கோடு நேராக்கறது, விட்ட எடத்துல கலர் அடிக்கறது, நல்லதுக்குத்தான்னு நெனச்சுட்டுத்தான் செய்வோம். 6ம் நம்பர் பிரஷ்ஷ எடுத்து பின்னாடி நீலத்துல ரெண்டு மலை, முன்னாடி நாலு மரம், ரெண்டு மஞ்சப் பொட்டையும் பூவாக்கி காம்பு வெச்சேன். பத்து நிமிசம். அழகா இருந்துச்சு, என் கை நல்ல கைதான்.

காலைல அந்தப் பையன் கயித்துக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னான். அழல, எங்கிட்டயும் வரல. எட்டி, கிளிப்புல மாட்டியிருந்த பேர்ச் சீட்ட மட்டும் உருவி டவுசர் பாக்கெட்ல போட்டுட்டு வெளிய போயிட்டான். மத்தியானம் நடுவரு மூணாம் பரிசுக்கு அந்தப் படத்தத்தான் கை காட்டுனாரு. மைக்ல “பேர் இல்லாத படம், யாருதுப்பா இது, மேல வாங்க”ன்னு ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாங்க. யாரும் வரல. நான் பின்னாடி சேர் அடுக்கிட்டு இருந்தேன். பரிசுக்கு வெச்சிருந்த டிபன் பாக்ஸ்ஸ அப்புறம் வேற ஒரு புள்ளைக்கு குடுத்தாங்க.

மஞ்சப் பொட்டு என்னன்னு எனக்கு அடுத்த வாரம்தான் தெரிஞ்சுது. சாயங்கால பஸ்ஸுக்கு ஒண்டிக்கடைல நிக்கிறேன், பனி கொட்டுது, பக்கத்துல நிக்கறவன் தெரியல. சத்தம் மட்டும் வருது. அப்புறம் சாம்பலுக்குள்ள கீழ ரெண்டு மஞ்சப் பொட்டு. பஸ்ஸு.

மறுநாள் அவன்கிட்ட போயி தப்புதாண்டா, பஸ்ஸுன்னு எனக்குப் புரியலன்னேன். “பரவால்லைங்க சார்”னான். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் இருந்தான், கண்காட்சிக்கு ஒரு படம் தரல. கேட்டா சிரிப்பான்.

அதுல இருந்து படம் எங்கைக்கு வந்துட்டா பிரஷ்ஷத் தொடறதில்ல. கோணலா இருந்தா கோணலாத்தான் தொங்கும். பரிசையும் எடுத்துட்டோம், அதுக்கு ரெண்டு வருசம் சண்ட, பரிசில்லாம யாரு சார் வருவான்னு கேட்டவங்க இன்னிக்கும் கேக்கறாங்க. 2021லயும் 2022லயும் கொரோனாவுல கண்காட்சியே நடக்கல, வாட்சப்ல படம் அனுப்பச் சொன்னேன், டவர் கெடைக்கற மேட்டுல நின்னு அனுப்புனது பத்துப் பன்னண்டு வந்துச்சு. 2022-23ல அரசுப் பள்ளிங்களுக்கு கலைத் திருவிழா ஆரம்பிச்சு பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு போட்டி வந்துருச்சு, நல்ல விசயம்தான், மலைய விட்டு எறங்காத புள்ளைங்க போட்டிக்குன்னு வெளிய போயி வர்றாங்க. ஆனா போட்டிக்கு வரையற படம் வேற, கயித்துக்கு வரையற படம் வேறங்கறத அவங்களே பிரிச்சு வெச்சிருக்காங்க. “சார் இது போட்டிக்கா, சாக்குக்கா?”ன்னு கேட்டுட்டுத்தான் பேப்பர எடுப்பாங்க. சாக்குக்குன்னு சொன்னா முக்கோணம் கொறைவா வருது. சுத்தமா போகல.

இந்த வருசம் கிளிப்பு பத்தல, பழசு வெயில்ல காஞ்சு ஒடியுது. போன சனிக்கெழம சேலம் சின்னக் கடைவீதில ஒரு கடைல பன்னண்டு டஜன் கேட்டேன். கடைக்காரரு எண்ணிக்கிட்டே மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்துட்டு, “ஏனுங்க, ஹாஸ்டலுங்களா?”ன்னாரு. ஆமாங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன், பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.