நீச்சல் குள அனுமதி: எத்தனை அடி என்பதை விட எங்கிருந்து என்பதைக் கேளுங்கள்

வீட்டுப் பின்புறத்தில் குளம் கட்டி, தண்ணீர் நிரப்பிப் பத்து நாள் ஆகிறது. கட்ட இரண்டு மாதம், அனுமதி வாங்க ஐந்து மாதம். கட்ட நினைக்கிறவர்களுக்கு அந்த ஐந்து மாதத்தில் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. மனை எல்லையிலிருந்து குளத்துக்குப் பத்தடி விட வேண்டும் என்பது எங்கள் பகுதி விதி. கான்ட்ராக்டர் வரைந்த படத்திலும் பத்தடி இருந்தது, ஆனால் அவர் அளந்தது தண்ணீர் விளிம்பிலிருந்து, அனுமதி தரும் அலுவலகத்தில் அளப்பது குளத்துச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து. சுவர்க் கனத்திலேயே ஓர் அடி போய்விட்டது. வேறு சில ஊர்களில் தண்ணீர் விளிம்பையே கணக்கில் எடுக்கிறார்கள், சில இடங்களில் சுற்றிப் போடும் தளத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். அதனால் படம் வரையும் முன்பே நேரில் போய் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எல்லை எது? வேலிதான் எல்லை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம். சர்வேயர் வந்து மூலையில் மண்ணைக் கிளறினார், புல்லுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் துருப்பிடித்த இரும்புக் கம்பி, அதுதான் எல்லை அடையாளம், அது வேலியிலிருந்து ஏழு அங்குலம் எங்கள் பக்கம் தள்ளி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் அன்று மாலையே போய்ச் சொன்னேன். வேலியை மாற்ற வேண்டாம், அளவை மட்டும் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவரிடம் முதலிலேயே பேசியது நான் செய்த நல்ல காரியம்.

விதிவிலக்கு கேட்கலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னார். அதற்குத் தனி மனு, அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ், அப்புறம் விசாரணை. மனையின் அமைப்பாலேயே விதிப்படி கட்ட முடியவில்லை என்று காட்டினால்தான் கிடைக்கும், பெரிய குளம் வேண்டும் என்பது காரணம் ஆகாது. குளத்தின் அகலத்தில் இரண்டடி குறைத்துவிடலாம் என்று என் மனைவி சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்தது. பின்னால் கழிவுநீர்க் குழாய் போகும் நிலப்பட்டையிலும் எதுவும் கட்டக் கூடாது, பம்ப் வைக்கும் மேடை கூட. அதையும் இடம் மாற்றினோம்.

ஸ்பாவுக்கு, அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு, இந்த விதியெல்லாம் இல்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர் விதிகள் 2012இல் முதலில் வெளியான சர்வதேச நீச்சல் குள, ஸ்பா நெறிமுறையை ஒட்டியவை. இரண்டடிக்கு மேல் தண்ணீர் நிற்கும் ஸ்பாவும் இங்கே குளமாகத்தான் கணக்கு. தரச்சான்று உள்ள, பூட்டக்கூடிய மூடி இருந்தால் வேலி விதியில் மட்டும் தளர்வு உண்டு.

கான்கிரீட் போடும் முன், கம்பிக் கூடு, ஏணி, பம்ப் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் இணைத்திருக்கிறார்களா என்று அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். மின்சாரம் எங்காவது கசிந்தாலும் தண்ணீரில் இருப்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் இது. பார்வையிடும் நாள் தள்ளிப்போனதும் கான்கிரீட்டை ஊற்றிவிடலாம் என்று ஆட்கள் அவசரப்பட்டார்கள், நான் விடவில்லை. மூடிவிட்டால் உடைத்துக் காட்டச் சொல்லவும் அலுவலகத்தாருக்கு அதிகாரம் உண்டு.

கடைசியாக, குளத்தைச் சுற்றிப் போடும் வேலி. குறைந்தது நான்கடி உயரம், நான்கு அங்குல உருண்டை நுழைய முடியாத இடைவெளி, கேட் வெளிப்பக்கமாகத் திறந்து தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும். ஏறுவதற்கு வாகாக வேலியோரம் பூந்தொட்டி கூட இருக்கக் கூடாது. பார்வையிட வந்தவர் கேட்டை முழுசாகத் திறந்து விட்டார், டங்கென்று மூடிக்கொண்டது. அப்புறம் ஒரு சாண் மட்டும் திறந்து விட்டார், மெல்ல வந்து தாழில் முட்டி அப்படியே நின்றுவிட்டது. தேர்ச்சி இல்லை. எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை, எங்கள் மகளுக்கு மூன்று வயது. தண்ணீரில் மூழ்கி இறப்போர் விகிதம் உலக அளவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் கூடப் போடாது. ஸ்பிரிங்கை இறுக்கி, ஒரு சாண், அரைச் சாண், இரண்டு விரல் என்று இருபது முறையாவது திறந்து விட்டுப் பார்த்தேன். மறுமுறை வந்தவர் அதே ஒரு சாண் திறந்து விட்டார், கேட் தாழிட்டுக்கொண்டது, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் திறந்தோம்.