வெறும் 18 மில்லிசெகண்ட்

நேற்று ராத்திரி லேப்டாப்பில் போட்ட ஒரு தாளத்தைச் சித்தப்பாவிடம் கேட்கக் கொடுத்தேன். புளியரையில் எங்கள் வீட்டுத் திண்ணை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, நல்ல சாரல். சித்தப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் விழுது. ஆனா ஆளு வாசிச்ச மாதிரி இல்லியே டே."

உண்மைதான். எல்லா அடியையும் கிரிட்டில், அதாவது சம இடைவெளிக் கட்டங்களில், அப்படியே ஒட்ட வைத்திருந்தேன். அவர் குடத்தின் வாயில் பாளை மட்டையால் அறைவார், பக்கத்தில் காசால் தட்டுவார். அந்தக் காசுத் தட்டு ஒரு இழை பிந்தித்தான் வரும்.

தாள மென்பொருளில் இருக்கும் ஸ்விங் என்ற வசதி செய்வதும் அதைத்தான். 50 சதவீதம் என்றால் சம இடைவெளி. கூட்டக் கூட்ட, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது அடி மட்டும் பிந்தும். 66 பக்கம் போனால் கிட்டத்தட்ட திஸ்ரம், அதாவது மூன்றாகப் பிரியும் நடை. டெம்போ நிமிடத்துக்கு 100 பீட் என்றால், ஒரு பீட்டில் கால் பங்கான சிக்ஸ்டீன்த் நோட் இரண்டு சேர்ந்து 300 மில்லிசெகண்ட். 56 வைத்தால் இரண்டாவது அடி 150-க்குப் பதில் 168-இல் விழும். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் தாளத்துக்கு உயிர் வந்துவிடுகிறது! ரோஜர் லின்னின் எல்எம்-1 டிரம் மெஷினிலேயே, 1980 வாக்கில், இந்த வசதி இருந்தது என்பதை நினைத்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கிக் டிரம்மைத் தொடவில்லை. ஹை-ஹாட் சிம்பலுக்கும் குடத்துக்கும் மட்டும் 56 வைத்தேன். சித்தப்பா தொடையில் தட்ட ஆரம்பித்தார். அப்புறம் 60 வைத்துப் பார்த்தேன்.

"கூடிப்போச்சு, பழையதுக்கே போ" என்றார்.